கோயில் மேட்டில் லைன்

செவ்வாய், இரவு.

யாராலும் நம்ப முடியாத கதை ஒன்றை எழுதப்போவதாக இந்தப் பேனாவின் மேல் சத்தியம் செய்கிறேன்.

காலை மழையில் பெடாஸ் ஊரிலிருந்து யானைகள் எங்கள் எஸ்டேட்டுக்கு மிதந்து வந்தன. ரோட்டில் வெள்ளம். பள்ளி தாமதமாகத்தான் திறக்கும், அதுவரை கைப்பேசியில் பாடம் என்று தகவல் வந்தது. உடனே அக்கா மகள் யாழினி குடையோடு கிளம்பினாள்.

"எங்கடி?"

"வீட்டுல லைன் இல்லலா மாமா. கோயில் மேட்டுலதான் கிடைக்கும்."

லைனா? அந்த வயதில் நானும் பெண்களுக்கு லைன் போட்டவன்தான். அக்கா என்னை நம்பி அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். முதலைகளை உதைத்துத் தள்ளியபடி பின்தொடர்ந்தேன்.

மேட்டில், கைப்பேசிக்குள் ஓர் ஆண் குரல்: "யாழினி, முகத்தக் காட்டு."

பிடுங்கினேன். "யார்ரா நீ, எங்க வீட்டுப் பிள்ளைக்கு லைன் போடுறவன்?"

"கணக்கு வாத்தியாருங்க, அங்கிள்."

வகுப்பே சிரித்தது. அவள் சொன்ன லைன் கைப்பேசி சிக்னல்.

"குடையப் பிடிங்க மாமா, போன் நனையுது! இந்தக் கணக்குலதான் போன தடவ பெயிலானேன்."

வாத்தியாருக்குப் பின்னால் தலையணை தெரிந்தது. படுக்கையிலிருந்தே பாடம் நடத்தினாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

யானை பொய். முதலையும் பொய். பாடம் முடியும்வரை நான் நனைந்துகொண்டே குடை பிடித்தேனே, அது மட்டும் நிஜம்.