கையெழுத்துக்கு இன்னொரு கோடு

ஜூன் 3, திங்கள்

கடைசி நிலத்துக்கும் ஒப்புதல் வாங்கியாயிற்று. மரக்கடைக்காரருடைய நிலத்தில் நூற்றுப்பத்து மீட்டருக்கு ஃபைபர் கேபிள் புதைத்துவிட்டால், அதற்கு அப்பால் இருக்கும் நாற்பத்தோரு வீட்டுக்கும் இணையம் போய்விடும். கேபிளுக்கு இருபுறமும் மூன்று மீட்டருக்குக் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற ஏழாவது விதியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். உடனே வரைபடத்தை இழுத்து, மேற்குப் பாதியின் நடுவில் விரலை வைத்தார். "இப்படிப் போகட்டும். மண்ணுக்கடியில தூங்குற சாமான்தானே" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 5, புதன்

நிலப் பதிவேட்டு நகல் இன்றுதான் வந்தது. நிலத்துக்கு இரண்டு பெயர் - அண்ணன், தங்கை. பாகம் பிரிக்கவில்லை.

நகல் கைக்கு வராமல் யார் வீட்டுப் படியும் ஏறாதே என்று புதிதாகச் சேருபவர்களுக்குப் பாடம் எடுப்பவளே நான்தான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நானே ஏறிவிட்டேன். போதாததற்கு, உரிமையாளர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

மேனேஜரிடம் சொன்னேன்.

"படிவத்தில ஒரு கோடுதானே இருக்கு? ஒரு கையெழுத்து வந்தாச்சு. பதினேழாம் தேதி குழி வெட்ட ஆள் வருது. குட்டையைக் குழப்பாதீங்கம்மா."

அவர் மேசையிலிருந்த ஸ்கேலையே எடுத்தேன். அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

"அவ எதுக்கு? நான் போட்டா வீடே போட்ட மாதிரி" என்றார் அண்ணன்காரர்.

"பதிவேட்டுல வீடுன்னு இல்லைங்க. அவங்க பேருதான் இருக்கு."

தங்கைக்கு என் வயதுதான் இருக்கும். ஊருக்கே துணி தைக்கிறவர். தையல் மெஷின் கிடப்பதோ சமையலறை மூலையில். தாளை வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஏழாவது விதியில் விரல் நின்றது.

"மேற்குப் பாதி எனக்குன்னு அம்மா சொன்னது. அதுல தையலுக்கு ஒரு ரூம் கட்டலாம்னு கொத்தனார்கிட்டகூடப் பேசியாச்சு. அகலமே எட்டு மீட்டர். நடுவில இதைப் போட்டா நான் எங்கேங்க கட்டுறது?"

அண்ணன்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. விதியை வாசித்துக் காட்டி, தங்கையைக் கட்டவிடாமல் தடுக்க அவருக்கு வழி சொல்லிக் கொடுத்ததே நான்!

"முடியாதுங்க. போட மாட்டேன்" என்றார் தங்கை. என்னிடம் சொன்னாலும் அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார்.

கையெழுத்து வாங்குவது என் வேலை. வாங்காமல் திரும்பினேன். ஆனாலும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். பைத்தியமா எனக்கு?

ஜூன் 10, திங்கள்

கிழக்குச் சுவர் ஓரம் முழுக்க வண்டிப் பாதை; அதில் கொண்டுபோனால் யாருக்கும் நஷ்டமில்லை. டேப் பிடித்து அளந்து காட்டினேன். "என் பக்கம் ஒரு அடி தர மாட்டேன்" என்கிறார் அண்ணன்காரர். தங்கை பக்கம் என்றால் மட்டும் தாராளம்.

ஜூன் 11, செவ்வாய்

என் வீட்டுக்காரர் கேட்கிறார்: "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" வம்பை இழுத்துவிட்டவளே நான்தானே!

ஜூன் 13, வியாழன்

அண்ணன் கையெழுத்து மட்டும் உள்ள பழைய தாளையே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப் போவதாக மேனேஜர் சொன்னார். அவர் அனுப்புவதற்குள் நான் அங்கே எழுதிவிட்டேன்: 'பெற்ற ஒப்புதல் செல்லாது. இன்னொரு உரிமையாளரைக் கேட்காதது என் தவறு.' வேலை நின்றது.

"உங்க ஒருத்தரால நாப்பத்தோரு வீடு நெட் இல்லாம கிடக்கு!" என்று கத்தினார். அது மட்டும் தைத்தது. அந்த வீடுகளில் ஒன்று மருந்துக்கடைக்காரருடையது. சிக்னலுக்காக மொட்டைமாடியில் நின்று ஆர்டர் போடுகிறவர். மாலையில் என்னை மறித்து, எப்போது வரும் என்று கேட்டார். மறைக்கவில்லை. "கிழக்கே இடம் இருக்கு. மரக்கடைக்காரர் மனசு வச்சா நாளைக்கே வரும்" என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

மேனேஜருக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். கொடுத்தேன். 'முதல் நாள் தங்கையைக் கேட்காமல் வந்ததற்கு வருந்துகிறேன். பிறகு கேட்டதற்கு வருந்தவில்லை.'

இதில் ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன். என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும்!

ஜூலை 2, செவ்வாய்

பண்ணிவிட்டார்கள். புகார்ப் பிரிவுக்கு மாற்றல். காலை ஒன்பது முதல் ஐந்து வரை ஹெட்போன். காது வலிக்கிறது. அழுவேன் என்று எதிர்பார்த்து மேனேஜர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். அழவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பதினொரு மணி வாக்கில் ஒரு அழைப்பு. பெண் குரல். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"போன வாரம்தான் கனெக்‌ஷன் குடுத்தீங்க. காலையிலேர்ந்து வரலைங்க."

இடத்தைச் சொன்னார். அதே மரக்கடைக்காரர் வீடு. நான் யாரென்று சொல்லவில்லை; கேபிள் எந்தப் பக்கமாக வருகிறது என்று மட்டும் கேட்டேன்.

"கிழக்குச் சுவர் ஓரமா. அண்ணன் விடவே இல்ல. மருந்துக்கடைக்காரர் பத்துப் பேரோட வந்து நின்ன பிறகுதான் வழிக்கு வந்தார். உங்க ஆபீஸ்லேர்ந்து புதுசா ஒரு தம்பி ஒத்தைக் கோடு போட்ட தாளோட வந்துச்சு. இன்னொரு கோடு போட்டாத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டேன்."

அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி திரையில் இருந்தது. கேட்டேன். "இணைப்பு இருக்கிற இடத்தோட உரிமையாளர் யாருங்க?"

"நான்தான். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.