வடிவின் பிள்ளையின் பேர்

ராகலை
தை மாதம், 1962

கர்த்தருக்குள் என் ராசாவுக்கு,

ஆறுதல் சொல்லும் படிப்பைக் காலேஜில் கற்றுக்கொடுக்கும் புரொபசர், என் பேரன், வந்து ஜெபம் பண்ணுவான் என்று தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன். நீ வந்ததும் கூடியிருந்த கூட்டத்தை அனுப்பிவிட்டாய். பிள்ளையைப் பறிகொடுத்த வடிவின் அடுப்படியில் உட்கார்ந்து, "புள்ள பேரு என்னங்க?" என்று கேட்டாய். அவள் அழுது ஓயும்வரை இருந்து, சத்தமில்லாமல் ஜெபித்துவிட்டுப் போனாய். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லையே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

இன்று அவள் கொழுந்துக் கூடையோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தாள். வேலைக்கு வராதவள் பேரைப் பதிவிலிருந்து வெட்டிவிடுவேன் என்றிருந்த கங்காணியே அவளுக்கு மலை பிரித்துக் கொடுத்து வேலைக்கு அனுப்பினார்.

"உங்க பேரன் கேட்டப்பதான் செல்லசாமின்னு வாய்விட்டுச் சொன்னேன் அப்பாயி. நீங்கல்லாம் அந்தப் பேரையே எடுக்க மாட்டேங்கிறீங்களே," என்றாள்.

தாய்க்கு நோகுமே என்றுதான் இங்கே யாரும் எடுப்பதில்லை.

உன் அப்பன் போனபிறகு அவன் பேரை நானும் சொன்னதில்லை. அடுத்த முறை வரும்போது என்னிடமும் கேள்.

உன் அப்பாயி