பத்து மணிப் பால்

அக்கா,

இன்று காலை பத்து மணிக்கு செல்வி வழக்கம்போல் பால் கலக்கினாள். நீங்கள் கொடுத்த அதே எனாமல் கோப்பை, நீல விளிம்பு தேய்ந்துவிட்டது. நான் தொலைபேசியில் ஒரு பள்ளிக்கூடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மாவுப்பாலில் சுடுநீர் விழுந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. உங்கள் ஆயாக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது.

ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை உங்களிடம்தான் விட்டுப் போவோம். என் மகள் செல்வி ஆறு வருடம் அங்கே இருந்தாள். பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பத்து மணிக்கு அந்தக் கோப்பையில் பால் வர வேண்டும், கொஞ்சம் தாமதமானாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். இன்று இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்கிறார்கள். அன்று லயத்து வரிசை வீடுகளில் வைத்த பெயர்களை நான் இங்கே எழுத மாட்டேன். வைத்தவர்களை மறக்கவும் மாட்டேன்.

ஏழு வயதில் தோட்டத்துப் பள்ளியில் சேர்த்தோம். மூன்றாம் நாளே பெரிய வாத்தியார் கூப்பிட்டனுப்பினார். பத்து மணிக்குத் தொடங்கும் அலறல் பள்ளி விடும்வரை ஓயவில்லையாம். முதல் தவணை முடிவதற்குள் அடங்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்றார். எனக்கு மனசு விட்டுப்போனது. வீட்டோடு இருக்கட்டும் என்று உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை, திட்டினீர்கள்.

"பள்ளிக்கூடத்தப் பாத்து பயப்படல புள்ள அவ. கொட்டாய் திடீர்னு காணாமப் போயிருச்சேன்னு பயப்படுறா. கொஞ்சங் கொஞ்சமாத்தான் காணாமப் போவணும்."

மறுநாள் பத்து மணிக்குப் பால் வாளியோடு பள்ளிக்குக் கிளம்பினீர்கள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பின்னால் ஒரு பழைய சேலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஒன்பது பிள்ளைகள். தோட்ட ஆபீஸ் கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து மறித்து, கொட்டகையை விட்டுப் போனால் வேலை போய்விடும் என்று மிரட்டினார்.

"கொட்டாய உட்டுட்டு எங்க போறேன் கிராணி? கொட்டாயத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

லயம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பெரிய வாத்தியாரும் வகுப்பு வாசலில் மறித்துப் பார்த்தார். உங்கள் படை வராந்தாவிலேயே உட்கார்ந்து பால் குடித்தது, இரண்டு பேர் அங்கேயே ஒன்றுக்கும் போனார்கள். அதற்கு மறுநாள் அவர் வழிவிட்டார்.

முதல் வாரம் செல்வியின் மேசையருகே நின்று பால் கொடுத்தீர்கள். அடுத்த வாரம் வகுப்பு வாசலில். பிறகு கொய்யா மரத்தடியில், அதற்கும் பிறகு வேலியோரம். செல்விதான் எழுந்து நடந்து வர வேண்டும், குடித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். தவணையின் கடைசி வாரம் நீங்கள் வரவில்லை. கோப்பை மட்டும் ஆசிரியை மேசையில் பாலோடு இருந்தது. அன்று நான் வேலைக்குப் போகாமல் வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். செல்வி எழுந்து சன்னல் வழியே கொய்யா மரத்தைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். பிறகு போய்க் கோப்பையை எடுத்துக் குடித்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை.

கொஞ்சங் கொஞ்சமாகக் காணாமல் போக வேண்டும் என்று சொன்ன நீங்கள், எங்களிடமிருந்து மட்டும் ஒரே நாளில் கண்ணை மூடிப் போய்விட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை அக்கா.

இப்போது தோட்டத்தை விட்டு வந்து புக்கிட் பெலிம்பிங் ஊரில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனும் நம் செல்வி மாதிரிதான். திங்கட்கிழமை முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போகிறான். ஒரு வாரம் வகுப்பருகே நிற்கிறேன் என்று அவன் அம்மா கேட்டதற்கு, கேட்டுக்குள் பெற்றோருக்கு அனுமதியில்லை என்றார்களாம். காலையில் நான் சண்டை போட்டது அவர்களோடுதான். சட்டம் என்கிறார்கள். கிராணியும் அன்று இப்படித்தான் மறித்தார். திங்கட்கிழமை அந்தப் பையனின் அம்மாவோடு நானும் போகிறேன். உள்ளே விடாவிட்டால் கேட்டடியில் பாய் விரித்து உட்காருவேன். கிழவியைத் தூக்கிப் போட்டுப் பார்க்கட்டும்.

செல்வி இன்றும் அதிகம் பேசுவதில்லை. நான் தொலைபேசியை வைத்ததும் பாலைக் குடித்து முடித்தாள். இத்தனை வருடம் என்னைக்கூடத் தொடவிடாத அந்தக் கோப்பையைக் கழுவித் துடைத்து, என் பைக்குள் வைத்தாள்.

"திங்கக்கெழம. பத்து மணி" என்றாள்.