இன்று என்னையும் ஒருவர் துரோகி என்றார்

அன்புள்ள நண்பா,

என் எதிரே மேஜைமேல் ஒரு பஸ் சாவி கிடக்கிறது. அதை வீசியவர் பத்து நிமிடம் முன்புதான் கதவைப் படாரென்று அடித்துவிட்டுப் போனார். போகும்போது என்னைத் துரோகி என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை! உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அறுபதுகளின் கடைசி. ஓசூரில் மதுவிலக்கு, ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி மைசூர் பக்கம் போனால் சாராயக் கடை. குடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தாலே கேஸ். 'நான் குடிகாரன்' என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? வக்கீல் குமாஸ்தாவான நீ, குடியை விட்ட கையோடு, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் பின்னறையில் எங்கள் ஏழு பேரைக் கூட்டினாய். கதவைச் சாத்திவிட்டு வாராவாரம் அதே பாட்டு: "இங்க பேசறது இங்கயே இருக்கும். ஒரு உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் வாயத் தொறப்பேன். அப்புறம் என்னைத் திட்டாதீங்க." கோர்ட்டு புத்தி போகவில்லை என்று நாங்கள் சிரிப்போம்.

ஒரு ஞாயிறு நான் உளறினேன், காலையில் எல்லைக் கடையில் ஒரு கிளாஸ் போட்டுவிட்டுத்தான் கிருஷ்ணகிரி பஸ்ஸை எடுக்கிறேன் என்று.

"நாளைக்கும் எடுப்பியா?"

"எடுக்காம? சோத்துக்கு என்னடா பண்றது?"

"அப்ப முதலாளிகிட்ட நீயே சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவேன்."

நான் சொல்லவில்லை. நீ எங்கே சொல்லப்போகிறாய் என்ற மிதப்பு. மறுநாள் பஸ் நிறைய ஜனம். முதலாளி வந்து சாவியைப் பிடுங்கினார். அவருக்குப் பின்னால் நீ. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்க, "துரோகி!" என்று கத்தினேன்.

"இன்னிக்கு இவன் வண்டி ஓட்ற நிலையில இல்ல." நீ சொன்னது அவ்வளவுதான் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு போலீஸ்காரர் வந்து, கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பட்டியல் கேட்டாராம். "என்னை வேணும்னா உள்ள தள்ளுங்க சார், பேரு மட்டும் வராது" என்றாயாம்.

ஐந்து மாதம் குடிக்காமல் இருந்து நான் மறுபடி வண்டி எடுத்த அன்று, நீ மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்து வந்து என் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாய். கிருஷ்ணகிரியில் உனக்கு ஒரு வேலையும் இல்லை. சூளகிரிவரை கண் கலங்கிக்கொண்டே ஓட்டினேன், அதுவும் ஆபத்துதான்!

நீ கண்ணை மூடியபின் கதவைச் சாத்துவதும் அந்தப் பாட்டைப் பாடுவதும் என் வேலை. இன்று ஒருவர், குடித்துவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸை ஓட்டுவதாகச் சொன்னார். நீ என்னிடம் சொன்னதையே அவரிடம் சொன்னேன். அதற்குத்தான் இந்தச் சாவி. இதை இன்றே கம்பெனியில் சேர்த்துவிடுவேன். நாளைக் காலை ஷிப்டுக்கு அந்த பஸ்ஸை வேறொருவர் ஓட்டுவார், எல்லாரும் நல்லபடியாகப் போய்ச் சேருவார்கள்! இவர் தெளிந்து திரும்பும் நாளில் இவருக்குப் பின்னால் உள்ள சீட்டு எனக்கு.

பேரைக் கேட்காதே, நண்பா. உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன்.