வாழைநார்ச் சுவர்

செவ்வாய், வடக்கு நிலையம். நாள் 211, காலை 07:10

புது அறையின் அழுத்தம் சரி. வெளியே மைனஸ் 71. நான் ஜெசிந்தா, பொருள் பொறியாளர். இங்கே இருப்பது இரண்டே பேர். மற்றவர் மின்வேலைகளைப் பார்க்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. பசுமைக்கூடத்து வாழைகளின் நாரையும், சாப்பாட்டுப் பொட்டலங்களை உருக்கிய பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழுத்தி நாற்பது பலகைகள் செய்தேன். அறை எழும்பிவிட்டது. செய்முறையைப் படமெடுத்துத் தெற்கு நிலையத்துக்கும் அனுப்பினேன், அங்கேயும் இதே அறை கட்டுகிறார்கள். அண்ணாச்சி நேற்றே படுக்கையைத் தூக்கிக்கொண்டு குடிபோய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதைப் படிப்பவர் சிரித்துக்கொள்ளலாம்.

நாள் 214, பகல் 13:40

மூலைப் பலகை உப்பியிருக்கிறது. அழுத்தம் மெல்ல இறங்குகிறது. பலகை அருமை, இணைப்புப் பசைதான் கோளாறு என்று அண்ணாச்சி பூமிக்குச் செய்தி அனுப்பினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒட்டுப் போட்டோம்.

நாள் 216, காலை 10:05

வெளியே மிச்சம் கிடந்த பலகைத் துண்டை எடுத்துவந்து அறுத்தேன். உள்ளே வரிசையாகப் பனிக்கட்டி மணிகள். நாரை உலர்த்தித்தான் அச்சுக்குக் கொண்டுவந்தேன். பிறகு எப்படித் தண்ணீர்?

என் கை. தோவாளையில் பூக்கட்டும் வீட்டில் வளர்ந்தவள் நான். காய்ந்த நார் விறைத்து நின்றால் விரலை நனைத்து நீவிவிடுவோம். நாற்பது பலகைக்கும் அதையே செய்திருக்கிறேன், நினைக்காமலே. அந்த ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, குளிரில் உறைந்து, சுவரைப் பிளக்கிறது.

10:48

அண்ணாச்சியைப் புது அறையிலிருந்து உடனே வெளியே கூப்பிட்டிருக்க வேண்டும். இன்னும் இரண்டு துண்டுகளை அறுத்துப் பார்த்தேன். சந்தேகத்தால் அல்ல, வெட்கத்தால். நாற்பது நிமிடம். அதற்குள் அந்த அறையின் கூரை விரிசல் விட்டுவிட்டது. காற்று வெளியேறுகிறது. இடைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அவருடைய விண்வெளி உடை என் பக்கம் தொங்குகிறது. கூரைமேல் போன, செய்தி அனுப்பும் அலைக்கம்பியும் அறுந்தது. வெளியுலகம் பேசுவதைக் கேட்கலாம். பதில் சொல்ல முடியாது.

11:15. உள் தொலைபேசிப் பதிவு

"கதவத் தொறக்காத மக்ளே. தொறந்தா ரெண்டு பேரும் போவோம்."

"அண்ணாச்சி..."

"பசைதானே காரணம்?"

"ஆமா அண்ணாச்சி. பசைதான்."

"அப்போ சரி. உன் பலகைக்கு ஒரு கொறையும் இல்லன்னு நா சொன்னது பொய்யில்ல."

11:32

புது அறையின் அழுத்தம் பூஜ்யம். சாகப்போகிறவரிடம் பொய் சொன்னேன். அவருக்காக என்று எழுதலாம். எனக்காகத்தான் சொன்னேன்.

நாள் 217, காலை 09:20

பூமியிலிருந்து: "ஜெசிந்தா, சுயம்புலிங்கத்தின் செய்தி கிடைத்தது. பசையை மாற்றச் சொல்லித் தெற்கு நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டோம். பலகைகளில் மாற்றமில்லை. உங்கள் செய்முறைப் படத்தைப் பார்த்து, உங்கள் கை செய்ததை ஒன்றுவிடாமல் அப்படியே செய்திருக்கிறார்கள்."

கம்பியை ஒட்டவைக்கப் பார்த்தேன். அறுந்த முனை விரிசல் வழியே புது அறைக்குள் விழுந்திருக்கிறது, அவர் கிடக்கும் பக்கம்; வெளியிலிருந்து எட்டவில்லை. கதவு திறக்கவில்லை. ஒலிவாங்கியில் கத்துகிறேன். அனுப்பும் விளக்கு எரியவில்லை.

11:05

தெற்கு நிலையத்திலிருந்து: "ஜெசிந்தாக்கா, பால் காய்ச்சியாச்சு. பதினெட்டுப் பேரும் உள்ள வந்துட்டோம். செவரு அம்சமா இருக்குக்கா."

11:06

பசை இல்லை. பசை இல்லை, என் கை. வெளியே வாருங்கள். எல்லோரும்

11:07

வெளியே வாரு