48,217ஆவது டெம்போ

ஜாதவ்பூர்
12 ஆகஸ்ட் 2024

ரோஹிணி அப்பாவுக்கு, ஷியாமளா நமஸ்காரம்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன். ரோஹிணிக்குப் புனேக்கு மாற்றலாகிவிட்டது. செப்டம்பர் 20, ஹவுராவில் நாலு மணிக்கு ரயில். மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறாள். இந்த வீட்டைக் காலி செய்கிறோம்.

கம்பெனியை மூடி கேட்டில் நோட்டீஸ் ஒட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. குவார்ட்டர்ஸில் கரண்ட் கிடையாது, போனை டீக்கடையில் சார்ஜ் போடுகிறீர்கள். மூன்று வருஷம் முன்பு, "நீ முன்னாலே போ, கேட் திறக்கறதான்னு பார்த்துட்டு வரேன்" என்று என்னை அனுப்பினீர்கள். நிமாய்காட்டிலிருந்து இங்கே வர ஒன்றரை மணி நேரம். நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

"அப்பா வருவாராம்மா?" என்று ரோஹிணி தினமும் கேட்கிறாள். மழையில் நனையாதீர்கள்.

ஷியாமளா

நிமாய்காட்
21 ஆகஸ்ட் 2024

சௌபாக்கியவதி ஷியாமளாவுக்கு ஆசீர்வாதம்.

வருகிறேன், ஆனால் கம்பெனி சரித்திரத்தை முடித்துவிட்டு. இருநூறு பக்கம் தாண்டிவிட்டது. 1962இல் முதல் டெம்போ வெளியே வந்தபோது ஊரே கூட வந்து, ஸ்டேஷன் வரை அதைக் கையால் தள்ளிக்கொண்டு போனதாம். டீசல் வாங்க மறந்துவிட்டார்கள். கம்பெனிச் சங்கு ஊதித்தான் இந்த ஊரில் உலை வைத்தார்கள். எல்லாம் எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி, விஸ்வகர்மா பூஜையன்று கேட் முன்னால் படிக்கச் சொல்லிப் பழைய ஆட்கள் கேட்கிறார்கள். கடைசி அத்தியாயம் பாக்கி. அசெம்பிளி லைனில் 48,217ஆவது டெம்போ என்ஜின் இல்லாமல் நிற்கிறது. பைனல் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான். அதற்கு ஓகே முத்திரை போடாமல் சரித்திரத்தை எப்படி முடிப்பேன்? டெல்லிக்காரர் ஒருவர் கம்பெனியை வாங்கப்போவதாகப் பேச்சு. பூஜைக்குள் தெரிந்துவிடும்.

வைத்தீஸ்வரன்

ஜாதவ்பூர்
2 செப்டம்பர் 2024

ரோஹிணி அப்பாவுக்கு,

மார்ச் 31 பற்றிச் சரித்திரத்தில் எழுதினீர்களா? அந்தந்த வருஷத்து எண்ணிக்கை நிரம்பவேண்டும் என்று, கியர்பாக்ஸ் இல்லாத டெம்போவுக்கெல்லாம் ஓகே முத்திரை குத்தி யார்டில் தள்ளி நிறுத்துவீர்கள். "ஏப்ரல்ல மாட்டிக்கலாம்" என்பீர்கள். அன்றைக்கு மட்டும் வீட்டில் சாப்பிட மாட்டீர்கள். பாதி வண்டிகள் அங்கேயே துருப்பிடித்தன. அத்தனைக்கும் முத்திரை போட்ட கைக்கு இந்த ஒரு வண்டிமேல் என்ன இத்தனை பக்தி?

என்னையும் அப்படித்தான் யார்டில் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப வலிக்கிறது.

இருபதாம் தேதி வராவிட்டால் புனே விலாசத்தை அனுப்ப மாட்டேன், போனையும் எடுக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. உங்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க இனி என்னால் முடியாது.

ஷியாமளா

நிமாய்காட்
23 செப்டம்பர் 2024

ஷியாமளாவுக்கு,

பூஜைக்கு இருபது பேர்கூட வரவில்லை. மார்ச் 31 பற்றி எழுதிப் படித்தேன். யாரும் தலை நிமிரவில்லை.

இருபதாம் தேதி காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ நம்பவேண்டும். ஸ்டேஷன் போகும் வழியில் கம்பெனி கேட் திறந்திருந்தது. லாரிகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. பெட்டியோடு நானும் பின்னாலேயே ஓடினேன்.

பழைய இரும்பு எடுக்க வந்தவர்கள். 48,217ஐ கேஸ் கட்டர் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். "நகருங்க, வைத்தியண்ணா, தீப்பொறி படும்" என்று வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுத்தான். வெட்டி முடிக்கும்வரை நான் நகரவில்லை. ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஹவுராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை.

கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். மூன்று வரிதான் வந்தது. குவார்ட்டர்ஸை இடிக்கப்போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இருவருமே போனை எடுக்கவில்லை. அதனால் இதை ஜாதவ்பூர் வீட்டுக்கே அனுப்புகிறேன். அங்கே யாரும் இல்லை என்று தெரியும்.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

வைத்தீஸ்வரன்