டோக்கன் மாட்டாமல் இறங்கிய நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், உன் கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, தைலம் தேய்க்க ஆள் கிடைத்தால் மட்டும் உடனே கூடிவிடுகிறது. நீ கடற்படையை விட்டு வருவதற்கான படிவத்தில், நீ சேர்ந்தபோது ஜாமீன் போட்ட அப்பா இப்போதாவது கையெழுத்துப் போட்டாரா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறாய். சொல்கிறேன், முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

போன செவ்வாய்க்கிழமை நம் கப்பல் கட்டும் டாக்கில், பழுது பார்க்க வந்த அந்தப் பழைய போர்க்கப்பலின் அடித்தொட்டிக்குள் துரு சுரண்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த வருஷம் நான் முதன்முதலாகச் சாம்பல் பெயிண்ட் அடித்த கப்பல் அது, பக்கத்தில் புதுசு இரண்டு பளபளவென்று நிற்க இது மட்டும் என்னைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது. தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் மேலே பலகையில் அவரவர் டோக்கனை மாட்ட வேண்டும், ஏறி வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், பலகை காலியென்றால் மூடியைப் போட்டு போல்ட் முறுக்கிவிடுவார்கள். தண்ணீர் குடிக்க மேலே வந்தவள் டோக்கனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன், திரும்ப இறங்கும்போது மாட்ட மறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள். உள்ளே யாராவது இருக்கீங்களா என்று மேஸ்திரி இரண்டு தரம் கூப்பிட்டாராம், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுரண்டுகிறவளுக்கு என்ன கேட்கும்.

மூடியைப் போட்டு முறுக்கிவிட்டார்கள், ஒன்றரை மணி நேரம் உள்ளேயே கிடந்தேன். நிமிர முடியாது, காலை நீட்டினால் இரும்பு, கைவிளக்கு வேறு மங்கிக்கொண்டே வந்தது. சுரண்டியால் தட்டித் தட்டிக் கை மரத்துப்போனது. முதலில் மேஸ்திரியைத் திட்டினேன், அப்புறம் என்னைத் திட்டினேன், அப்புறம் இருக்கிற மூச்சை வீணாக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். மேல்தளத்து வெல்டர் மெஷினை நிறுத்திய பிறகுதான் சத்தம் கேட்டிருக்கிறது. என்னை வெளியே தூக்கிவிட்டு, அக்கா நான் எலின்னு நினைச்சேன் என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

உள்ளே இருந்தபோது உன் கடிதம்தான் ஞாபகம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மூன்றடுக்குப் படுக்கையில் கண்ணை மூடினாலே மூச்சு முட்டுகிறது, என்னால் முடியலைம்மா என்று எழுதியிருந்தாய். உன் கப்பலை இங்கே கட்டியபோது அந்த அறைக்கு முதல் பூச்சு அடித்தவளே நான், எனக்குத் தெரியாத இடமா, பழகிவிடும் என்று பதில் போட்டேன். நான் பெயிண்ட் அடித்தபோது கதவு திறந்திருந்தது மகளே.

இனி மறைக்க முடியாது. அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று எழுதினேனே, அது பொய். படிவத்தை அவர் கண்ணிலேயே நான் காட்டவில்லை. என் மகள் போர்க்கப்பலில் இருக்கிறாள் என்று டாக் முழுக்கச் சொல்லித் திரிந்தவள், இனி எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பது என்று துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். நேற்று எடுத்துக் கொடுத்தேன். அவர் உடனே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார், அதற்குப் பிறகுதான் அனுப்ப வேண்டிய கடைசித் தேதியைப் படித்தார். நான் அதைக்கூடப் பார்த்திருக்கவில்லை. போன மாதம் இருபதாம் தேதியோடு முடிந்துவிட்டதாம், இனி நான்கு வருஷம் கழித்துத்தான் கேட்க முடியுமாம். நேற்று ராத்திரி என்னைக் கூப்பிடாமல் தைலத்தை அவரே தேய்த்துக்கொண்டார்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாதான் மறைத்தாள் என்று உன் அதிகாரியிடம் சொல்லிக் கேட்டுப் பார், நான் நேரில் வந்து சொல்ல வேண்டுமென்றாலும் வருகிறேன். மூச்சு முட்டினால் எழுந்து மேல்தளத்துக்குப் போய் நில், யார் என்ன சொன்னாலும் போய் நில். உனக்கு ஒரு கெடுதலும் வராது, வந்தாலும் அது என்னோடு போகட்டும். திட்டியாவது பதில் போடு, போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா